சோதித்தது ஒன்று, வெளியிட்டது வேறொன்று

நீங்கள் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. தன்னார்வலர்களே நடத்தும் ஒரு கட்டற்ற மென்பொருள் திட்டம். இரண்டு பீட்டா (சோதனைக்கான முன்பதிப்பு), ஓர் ஆர்சி (ரிலீஸ் கேண்டிடேட், இறுதி வெளியீட்டுக்கான வேட்பாளர்) விட்டீர்கள். அப்போது வந்த வழு (பக்) அறிக்கைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். இறுதி வெளியீடு போன இரண்டே நாளில் வழுக்கள் குவிந்துவிட்டன. பழைய பதிப்பிலிருந்து மேம்படுத்திய சிலருக்கு அமைப்புகளே (செட்டிங்ஸ்) அழிந்துபோயின. சோதிக்க ஆள் எப்படிச் சேர்ப்பது என்று கேட்கிறீர்கள்.

ஆள் சேர்ப்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் ஒரு கணக்கு எடுங்கள். வெளியீட்டுக்குப் பின் முதல் இரண்டு வாரத்தில் வந்த ஒவ்வொரு வழுவும் எந்தக் கமிட்டில் (நிரலில் பதிவான ஒரு மாற்றம்) நுழைந்தது, அந்தக் கமிட் கடைசி ஆர்சிக்கு முந்தியதா பிந்தியதா என்று பாருங்கள். நான்கு குவியலாகப் பிரியும். ஒன்று, பீட்டாவிலேயே இருந்தது, ஆனால் அந்தச் சூழலில் யாரும் ஓட்டிப் பார்க்கவில்லை. இரண்டு, யாரோ சொன்னார்கள், கவனிக்கப்படாமல் போயிற்று. மூன்று, கடைசி ஆர்சிக்குப் பிறகு நுழைந்தது. நான்கு, நிரலில் இல்லவே இல்லை. டார்பால் (மூலநிரலை ஒன்றாகக் கட்டிய சுருக்கக் கோப்பு) கட்டும்போதோ நிறுவி தயாரிக்கும்போதோ வந்து சேர்ந்தது.

ஆள் பஞ்சம் என்று சொல்லத் தகுந்தது முதல் குவியல் மட்டும்தான். அதிலும் பாதிதான் என்பதைப் பின்னால் சொல்கிறேன். மூன்றாவதற்கும் நான்காவதற்கும் ஆயிரம் பேர் சோதிக்க வந்தாலும் பயனில்லை. அவர்கள் கையில் இருக்கும் கோப்பு வேறு, நீங்கள் வெளியிடும் கோப்பு வேறு. என் அனுபவக் கணிப்பு, சிறு திட்டங்களை மிகவும் படுத்துவது இந்த இரண்டும்தான். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஆர்சி என்பது ஒரு வாக்குறுதி: 'இதில் கோளாறு தென்படாவிட்டால் இதையே, ஒரு பைட்டும் மாறாமல், வெளியிடுவோம்.' லிப்ரே ஆபிஸ் என்ற அலுவலக மென்பொருள் இதை எண்ணிலேயே கட்டிவைத்திருக்கிறது. அதன் பதிப்பு எண்ணுக்கு நான்கு பகுதிகள். 24.2.0 வெளியீட்டின் முதல் ஆர்சி 24.2.0.1, அடுத்தது 24.2.0.2, மூன்றாவது 24.2.0.3. மூன்றாவதில் தடுக்கும்படி எதுவும் இல்லையென்றால் அந்தக் கோப்பே இறுதி வெளியீடாகிவிடும். மறுபடி கம்பைல் செய்ய (மூலநிரலை இயங்கும் கோப்பாகக் கட்ட) வேண்டியதில்லை, ஏனென்றால் கோப்புக்குள் 'ஆர்சி' என்ற சொல்லே இல்லை. பல சிறு திட்டங்களில் பதிப்புச் சரத்துக்குள் 'ஆர்சி1' என்று பதிந்துவிடுவதால், அதை நீக்குவதற்காகவே ஒருமுறை மறுபடி கட்ட வேண்டியிருக்கிறது. கட்டும் அந்த வேளையில் உங்கள் நிரல் நம்பியிருக்கும் ஒரு சார்பு நூலகம் புதிய பதிப்புக்குத் தாவியிருக்கும், சி.ஐ. (நிரலைத் தானாகக் கட்டிச் சோதிக்கும் அமைப்பு) இயந்திரத்தின் கம்பைலர் மாறியிருக்கும். யாரும் தொட்டிராத கோப்பு மக்களிடம் போய்ச்சேரும். உங்கள் பதிப்பு எண்ணில் நான்காவது பகுதி ஒன்றைச் சேர்ப்பது அரைமணி நேர வேலை. அது முடியாதென்றால், சார்புகளின் பதிப்புகளைப் பூட்டுக் கோப்பில் கட்டிவைத்து, ஆர்சியைக் கட்டிய அதே கண்டெய்னர் படிமத்தில் (கட்டும் சூழலை அப்படியே பிடித்துவைத்த படி) இறுதியையும் கட்டுங்கள். இரண்டுக்கும் இடையே பதிப்பு எண் வரி மட்டுமே மாறியிருக்கிறது என்று டிஃப் (வேறுபாட்டுப் பட்டியல்) எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

அடுத்து, 'சின்னத் திருத்தம்தானே' என்ற பேச்சு. கடைசி ஆர்சிக்குப் பிறகு ஒரே ஒரு கமிட் போனாலும் இன்னோர் ஆர்சி, குறைந்தது 7 நாள். இதற்கு விலக்கே வைக்காதீர்கள். மொழிபெயர்ப்புக் கோப்பு மட்டும்தானே என்பார்கள். மொழிபெயர்த்த சரத்தில் (திரையில் காட்டும் வாசகம்) எண் வர வேண்டிய இடத்தில் சொல்லுக்கான குறி இருந்தால், அந்த மொழியில் அந்தச் சாளரத்தைத் திறந்ததுமே நிரல் விழும். மொழிபெயர்ப்புக்கான கெட்டெக்ஸ்ட் கருவிகளில் இந்தக் குறிகளைச் சரிபார்க்கும் வசதி இருக்கிறது. சி.ஐ.யில் போட்டுவையுங்கள்.

சோதித்ததற்கும் வெளியிடுவதற்கும் உள்ள இந்த இடைவெளி எவ்வளவு நுட்பமானது என்பதற்கு, டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலின் 12.3-ஐப் பாருங்கள். 2023 டிசம்பர் 9 அன்று வரவிருந்த, நிலையான பதிப்புக்கான சாதாரணப் பராமரிப்பு வெளியீடு அது. அதில் லினக்ஸ் கர்னல் (இயங்குதளத்தின் மையக் கரு) 6.1.64 இருந்தது. புதிய கர்னலில் எக்ஸ்ட்4 கோப்பு முறைமைக்குச் செய்த ஒரு திருத்தத்தை பழைய 6.1 கிளைக்கும் கொண்டுவந்து (பேக்போர்ட்) சேர்த்திருந்தார்கள். திருத்தம் சரியானதுதான். ஆனால் அது, அதற்கு முன்பே வேறோர் அடுக்கில் செய்த இன்னொரு மாற்றத்தை நம்பியிருந்தது. அந்த மாற்றம் 6.1-க்கு வரவில்லை. விளைவு, டைரக்ட் ஐஓ முறையில் (இடைநினைவகத்தைத் தவிர்த்து நேரே வட்டில்) எழுதும்போது கோப்பில் எழுதும் இடத்தைப் பற்றிய கணக்கு பிசகி, தரவு கெடும் வாய்ப்பு உண்டானது. புதிய கர்னலை ஓட்டியவர்களிடம் இரண்டு மாற்றமும் இருந்தன, பழைய 6.1-ஐ ஓட்டியவர்களிடம் இரண்டும் இல்லை. ஒன்று இருந்து மற்றொன்று இல்லாத அந்தச் சேர்க்கை 6.1.64-இல்தான் முதன்முதலாகப் பிறந்தது. டெபியன் 12.3-இன் படிமங்களை நிறுத்திவைத்து, மறுநாளே 6.1.66 கர்னலுடன் 12.4-ஐ வெளியிட்டார்கள். அந்தக் கர்னலில் வைஃபை தகராறு ஒன்று கிளம்ப, அதைச் சரிசெய்ய 6.1.67 வர வேண்டியிருந்தது. அவசரத் திருத்தமும் ஒரு வெளியீடுதான், அதற்கும் அதே சோதனை வேண்டும்.

உங்கள் திட்டத்துக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய நடைமுறை: நிலையான கிளைக்கு ஒரு கமிட்டைச் செர்ரி-பிக் செய்யும் (தனியே எடுத்து ஒட்டும்) முன், அது தொடும் கோப்புகளில் கிளை பிரிந்த நாளிலிருந்து அந்தக் கமிட் வரை வேறு என்னென்ன மாறியிருக்கிறது என்று கிட் லாக் (நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியின் வரலாற்றுப் பட்டியல்) எடுத்துப் படியுங்கள். மோதலே இல்லாமல் அழகாக ஒட்டிக்கொண்டது என்பது எதற்கும் சான்றாகாது. எக்ஸ்ட்4 திருத்தமும் இடறாமல்தான் ஒட்டியது. பிறகு முழுச் சோதனைத் தொகுப்பையும் நிலையான கிளையில் ஓட்டுங்கள். மெயின் கிளையில் பச்சை விளக்கு எரிந்தது இங்கே செல்லாது.

நான்காவது குவியலுக்கு எடுத்துக்காட்டு எல்லோருக்கும் தெரிந்ததுதான். எக்ஸ்இசட் சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் புகுத்தப்பட்டிருந்த பின்கதவு (ரகசிய நுழைவு வழி) 2024 மார்ச் 29 அன்று அம்பலமானது. அதைக் கிளப்பிவிடும் எம்4 கோப்பு (கட்டும் வேலைக்கான ஒரு துணைக் கோப்பு) கிட் களஞ்சியத்தில் இல்லை. வெளியிட்ட டார்பாலில் மட்டும் இருந்தது. தீங்கான நிரல் துண்டு ஒளிந்திருந்ததோ, நிரலைச் சோதிப்பதற்கென்று வைத்திருந்த, வேண்டுமென்றே கெடுத்த மாதிரிக் கோப்புகளுக்குள். ஆட்டோகான்ஃப் என்ற கட்டுமானக் கருவியைப் பயன்படுத்தும் திட்டங்களில் களஞ்சியத்தில் இல்லாத, இயந்திரம் உருவாக்கிய கோப்புகள் டார்பாலில் இருப்பது வழக்கம் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. டெபியனில் புதியவை முதலில் வந்துசேரும் அன்ஸ்டேபிளிலும் அடுத்த வெளியீடு உருவாகும் டெஸ்டிங்கிலும் அது புகுந்துவிட்டது, நிலையான பதிப்பான ஸ்டேபிளை எட்டவில்லை. கண்டுபிடித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் டெபியன் அன்ஸ்டேபிளில் வேறொரு வேகச் சோதனை செய்துகொண்டிருந்தவர். எஸ்எஸ்ஹெச் (தொலைவிலுள்ள கணினிக்குள் நுழையும் முறை) உள்நுழைவு வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாவதைப் பார்த்துத் தோண்டினார். யாரோ ஒருவர் அன்றாட வேலைக்கு அதை ஓட்டிக்கொண்டிருந்ததால் பிடிபட்டது. இதை நினைவில் வையுங்கள், திரும்ப வருவோம்.

டார்பால் விஷயத்தில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். கையொப்பமிட்ட டேகிலிருந்து (வெளியீட்டைக் குறிக்கும் கிட் அடையாளம்) சி.ஐ. ஒருமுறை கட்டட்டும். இன்னொருவர் தன் கணினியில் அதே டேகிலிருந்து கட்டட்டும். இரண்டின் ஷா-256 மதிப்பும் (கோப்பின் விரல்ரேகை போன்ற எண்) ஒத்துப்போக வேண்டும். முதல் தடவை ஒத்துப்போகவே போகாது. பெரும்பாலும் காரணம் கோப்புகளின் நேரமுத்திரை, டாருக்குள் கோப்புகள் அடுக்கப்பட்ட வரிசை, உரிமையாளர் எண், ஜிசிப் தன் தலைப்பில் எழுதும் நேரம் ஆகிய நான்கில் ஒன்று. சோர்ஸ் டேட் எபாக் என்ற சூழல் மாறியில் டேக் செய்த கமிட்டின் நேரத்தைக் கொடுங்கள், பெயர்களை அகர வரிசையில் அடுக்கச் சொல்லுங்கள், உரிமையாளர் எண்ணைச் சுழியமாக்குங்கள், ஜிசிப்பிடம் நேரத்தைப் பதியாதே என்று சொல்லுங்கள். ஒத்துப்போய்விடும்.

அதோடு, சி.ஐ. சோதனைகளை கிட் நகலில் ஓட்டாமல், டார்பாலை வெற்று அடைவில் பிரித்து அங்கிருந்து ஓட்டுங்கள். புதிதாகச் சேர்த்த கோப்பை வெளியீட்டுப் பட்டியலில் சேர்க்க மறப்பது நித்திய நோய். கிட் நகலில் எல்லாம் வேலை செய்யும், டார்பாலில் அந்தக் கோப்பே இருக்காது. ஆட்டோமேக் என்ற கட்டுமானக் கருவியை வைத்திருப்பவர்களுக்கு அதன் டிஸ்ட்செக் கட்டளை இதைத்தான் செய்கிறது.

இனி முதல் குவியல். பீட்டாவை இறக்கி, புதிய வசதிகளை ஐந்து நிமிடம் தட்டிப் பார்த்து, 'நன்றாக இருக்கிறது' என்று சொல்லிவிட்டுப் போகிறவர் எவ்வளவு பேர் வந்தாலும், நீங்கள் சொல்லும் அமைப்புகள் அழியும் வழு கிடைக்காது. காரணம் எளிது. பயப்படாமல் சோதிக்கட்டும் என்று பீட்டாவைத் தனி அடைவில், தனி அமைப்புக் கோப்போடு நிறுவும்படி செய்திருப்பீர்கள். அந்த நல்லெண்ணமே மேம்படுத்தல் பாதையை யாருமே நடக்காத பாதையாக்கிவிட்டது. அத்தனை சோதனையாளரும் வெற்று அமைப்பில் தொடங்கினார்கள். பழைய அமைப்பை வைத்து முதன்முதலில் ஓட்டியவர்கள் உங்கள் பயனர்கள். ஆள் பஞ்சம் பாதிதான் என்றேனே, அது இதற்காகத்தான்.

பீட்டா முதன்முறை திறக்கும்போது பழைய அமைப்பு அடைவைப் படியெடுத்து, அந்தப் படியின்மேல் மேம்படுத்தலை ஓட்டும்படி செய்யுங்கள். பாதுகாப்பும் கெடாது, பாதையும் சோதிக்கப்படும். கடைசி மூன்று பதிப்புகளில் உண்மையாக உருவான அமைப்பு அடைவுகள் சிலவற்றை, சொந்த விவரங்களை நீக்கிவிட்டு, களஞ்சியத்தில் மாதிரிகளாக வையுங்கள். ஒவ்வொரு கமிட்டுக்கும் சி.ஐ. அவற்றைப் புதிய பதிப்பில் திறந்து, பழைய மதிப்புகள் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்க்கட்டும். கையால் எழுதிய மாதிரிக் கோப்பு வேண்டாம். நம் கை எழுதுவது எப்போதும் ஒழுங்காக இருக்கும், பயனரின் கோப்பு அப்படி இருக்காது. இடையில் மின்சாரம் போனால், வட்டு நிரம்பினால் என்ன ஆகும் என்பதையும் பாருங்கள். புதிய கோப்பைத் தற்காலிகப் பெயரில் முழுதும் எழுதி, வட்டில் பதிந்ததை உறுதிசெய்து, அதன் பிறகே பெயர் மாற்றுவதுதான் முறை. பழையதை ஒரு பதிப்புக்காலமாவது காப்புப் படியாக விட்டுவையுங்கள்.

நிஜமான ஆள் பஞ்சத்துக்கு வருவோம். பெரிய திட்டங்கள் சோதனையாளர்களைத் தேடி அலைவதைவிட, அன்றாடம் பயன்படுத்தும் பதிப்பாகவே முன்வெளியீட்டை வைத்துக்கொள்கின்றன. லினக்ஸ் கர்னலில் இரண்டு வாரம் புதியவற்றைச் சேர்ப்பார்கள். பிறகு வாரம் ஓர் ஆர்சி, பெரும்பாலும் ஞாயிறன்று, வழக்கமாக ஏழு, சிலசமயம் எட்டு. கர்னல் எழுதுகிறவர்களில் பலர் அந்த ஆர்சியில்தான் தங்கள் கணினியைத் தொடக்குகிறார்கள். டெபியனில் அன்ஸ்டேபிளுக்கு வரும் பொதி (பேக்கேஜ்) சாதாரணமாக 5 நாள், அவசரமென்றால் 2 நாள், அவசரமில்லையென்றால் 10 நாள் காத்திருந்து, புதிதாக வெளியீட்டைத் தடுக்கும் வழு எதுவும் வராமல், சார்புகள் சரியாக இருந்தால்தான் டெஸ்டிங்குக்குப் போகும். அந்த நாட்களில் அதை ஓட்டுகிறவர்களே சோதனையாளர்கள். காத்திருக்கும் நாளால் மட்டும் பயனில்லை, அந்த நாட்களில் யாராவது உள்ளே வாழ வேண்டும். எக்ஸ்இசட் அந்தக் காத்திருப்பைத் தாண்டி டெஸ்டிங்குக்குப் போய்விட்டது. அரை நொடியைக் கவனிக்கும் ஒரு கண் இருந்ததால்தான் பிழைத்தோம். உங்கள் திட்டத்தின் முதன்மைப் பங்களிப்பாளர்களே நிலையான பதிப்பில் வேலை செய்துகொண்டிருந்தால் அதை முதலில் மாற்றுங்கள்.

வாழ்ந்து பார்க்க முடியாதவற்றுக்கு ஓர் அட்டவணை. இயங்குதளம், நிறுவும் முறை, புதிய நிறுவலா மேம்படுத்தலா, இவை நிரைகள் (கிடைவரிசைகள்). சோதிக்க வேண்டிய பத்துப் பதினைந்து செயல்கள் நெடுவரிசைகள். டெபியன் வெளியீட்டு நாளில் நிறுவல் படிமங்களை இப்படித்தான் ஆளுக்கொன்றாக எடுத்துச் சோதித்துக் குறிக்கிறார்கள். ஒரு கட்டத்தை நிரப்ப 20 நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது. அதற்கு மேல் ஆகுமென்றால் யாரும் எடுக்க மாட்டார்கள். எந்தக் கோப்பைச் சோதித்தார் என்பதற்கு அதன் ஷா-256-இன் முதல் எட்டு எழுத்துகளைக் கட்டத்திலேயே எழுதச் சொல்லுங்கள். 'ஆர்சி2 சரி' என்று எழுதியவர் நேற்றைய நைட்லியை (இரவுதோறும் தானாகக் கட்டும் பதிப்பு) ஓட்டியிருப்பது அடிக்கடி நடக்கும். நிரம்பாத கட்டங்கள்தான் அந்த அட்டவணையின் உண்மையான பயன். ஓர் இயங்குதளத்தின் நிரை முழுவதும் வெறுமையாகக் கிடந்தால், அதைச் சோதித்தோம் என்று நாமே நம்பிக்கொள்ள முடியாது. வெளியீட்டுக் குறிப்பில் அந்த உண்மையை எழுதிவிடலாம்.

இரண்டாவது குவியல், சொன்னது தொலைந்துபோவது. எது வெளியீட்டைத் தடுக்கும் என்பதை வெளியீட்டுக்கு மாதங்கள் முன்பே எழுதிவைக்காததுதான் மூல காரணம். கடைசி வாரத்தில் எல்லா வழுவும் பெரிதாகத் தெரியும், அல்லது களைப்பில் எல்லாமே சிறிதாகத் தெரியும். ஃபெடோரா என்ற லினக்ஸ் வழங்கலில் வெளியீட்டு நிபந்தனைகள் பட்டியலாக இருக்கின்றன. ஒரு வழு எந்த நிபந்தனையை மீறுகிறது என்று காட்டினால்தான் அது தடுப்பு வழு. கடைசியில் போகலாமா வேண்டாமா என்று ஒரு கூட்டம் கூடி முடிவெடுக்கிறார்கள். உங்களுக்கு ஆறு வரி போதும்: தரவு அழியக் கூடாது, முந்தைய இரு பதிப்புகளிலிருந்து மேம்பட வேண்டும், ஆதரிக்கும் ஒவ்வொரு இயங்குதளத்திலும் தொடங்க வேண்டும், கோப்பைச் சேமித்துத் திறக்க முடிய வேண்டும், தெரிந்த பாதுகாப்பு ஓட்டை இருக்கக் கூடாது, முந்தைய பதிப்பில் ஓடிய முக்கிய வேலை எதுவும் நின்றுவிடக் கூடாது. இதில் வராதது எவ்வளவு எரிச்சலூட்டினாலும் அடுத்த பதிப்புக்குத்தான்.

கடைசி வரி, ரிக்ரெஷன், தனியாகக் கவனிக்கத் தக்கது. 'முன்பு வேலை செய்தது, இப்போது இல்லை' என்ற அறிக்கைதான் எல்லாவற்றிலும் எளிதாகத் தீர்க்கக்கூடியது, ஏனென்றால் அதைத் தேடிப் பிடிக்க அறிவுகூட வேண்டாம், பொறுமை போதும். கிட் பைசெக்ட் ஒவ்வொரு படியிலும் பாதியைக் கழிக்கிறது. பத்தாயிரம் கமிட்டுக்கு இடையில் ஒளிந்திருந்தாலும் 14 படிக்குள் அகப்பட்டுவிடும். ஆனால் 14 முறை கம்பைல் செய்யச் சாதாரணப் பயனரிடம் கேட்க முடியாது. லிப்ரே ஆபிஸ் இதற்கு ஒரு நல்ல வழி வைத்திருக்கிறது. கம்பைல் செய்த பதிப்புகளையே வரிசையாக ஒரு கிட் களஞ்சியத்தில் போட்டுவைத்திருக்கிறார்கள், பெயர் பைபைசெக்ட். நிரல் எழுதத் தெரியாத சோதனையாளரும் ஓட்டிப் பார்த்து 'சரி', 'தவறு' என்று சொல்லிக்கொண்டே போய்க் குற்றவாளிக் கமிட்டை, அல்லது சில கமிட்டுகளின் சிறு தொகுதியை, அடையலாம். சிறு திட்டத்தில், மெயின் கிளையின் ஒவ்வொரு மெர்ஜுக்கும் (மாற்றத்தை இணைப்பது) சி.ஐ. கட்டிய கோப்பை ஆறு மாதம் அழிக்காமல் வைத்திருந்தாலே இது கைகூடும். சி.ஐ. சேவைகள் அவற்றைச் சில வாரங்களிலோ மாதங்களிலோ தானாக அழித்துவிடும், அந்த அமைப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஒரு விஷயம்: இடையில் கம்பைலே ஆகாத கமிட்டுகள் இருந்தால் பைசெக்ட் நொண்டும். தனிக் கமிட் ஒவ்வொன்றும் கட்டப்படும் நிலையில் இருக்க வேண்டும் என்று மறுஆய்வில் வற்புறுத்துவதற்கு இதுதான் காரணம்.

உறைவு (வெளியீட்டுக்கு முன் புதிய மாற்றங்களை நிறுத்துவது) பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மூன்றாவது குவியல், கடைசி ஆர்சிக்குப் பிறகு நுழைந்தவை, பெரிதாக இருந்தால் நோய் அங்கேதான். ஒரே நாளில் கதவைச் சாத்தினால் முந்தைய நாள் இரவு அரைவேக்காடுகளெல்லாம் உள்ளே ஓடிவரும். டெபியன் 12-க்கு எப்படிச் செய்தார்கள் பாருங்கள். 2023 ஜனவரி 12-இல் பெரிய நூலக மாற்றங்கள் நின்றன. பிப்ரவரி 12-இல் புதிய பொதிகள் நின்றன. மார்ச் 12 முதல் முக்கியப் பொதிகளுக்கும் தானியங்கிச் சோதனை இல்லாதவற்றுக்கும் வெளியீட்டுக் குழுவின் அனுமதி வேண்டும். மே 24 முதல் எல்லாவற்றுக்கும் அனுமதி. ஜூன் 10-இல் வெளியீடு. தானியங்கிச் சோதனை உள்ள பொதிக்குக் கதவு சற்று அதிக நாள் திறந்திருந்தது என்பதைக் கவனியுங்கள். சோதனை எழுதுங்கள் என்று அறிவுரை சொல்வதைவிட இது நன்றாக வேலை செய்கிறது. அனுமதி கேட்கிறவர் டிஃபையும் காரணத்தையும் சேர்த்தே அனுப்ப வேண்டும். உங்கள் அளவுக்கு மூன்று வாரம் போதும்: முதல் வாரம் புதிய வசதி நிற்கும், இரண்டாவது வாரம் சரங்களும் நிற்கும், மூன்றாவது வாரம் இரண்டு பேர் ஒப்புதல் இல்லாமல் எதுவும் நுழையாது. மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சர உறைவுக்குப் பின் முழுதாக ஒரு வாரமாவது கொடுங்கள். உறைவில் ஒரு பொத்தானின் பெயரை மாற்றுவது உங்களுக்கு ஒரு வரி, இருபது மொழிக்காரர்களுக்கு இருபது வேலை.

இவ்வளவும் செய்தாலும் இறுதி வெளியீட்டில்தான் பெருங்கூட்டம் வரும், புதிய சூழல்களும் அதோடு வரும். அதனால் இரண்டு வாரம் கழித்து .1 (முதல் திருத்தப் பதிப்பு) வரும் என்று முன்பே தேதி குறித்துவிடுங்கள். தேதி இருந்தால், கடைசி வாரத்தில் கிடைத்த நடுத்தர வழுவை 'அடுத்ததில்' என்று மனம் கோணாமல் தள்ளலாம். தானியங்கி மேம்படுத்தல் வைத்திருந்தால் .0-வை (இறுதி வெளியீட்டை) எல்லோருக்கும் ஒரே நாளில் தள்ளாமல் முதல் சில நாள் சிறு பங்குக்கு மட்டும் அனுப்புங்கள். ஆனால் திரும்பிப் போகும் வழியைச் சோதித்த பிறகு. புதிய பதிப்பு எழுதிய அமைப்புக் கோப்பைப் பழைய பதிப்பு படிக்க முடியாவிட்டால் பின்வாங்க வழியே இல்லை.

இன்னொன்று மட்டும். வெளியீட்டுப் படிகள் ஒருவர் தலைக்குள் மட்டும் இருந்தால் அவர் ஊருக்குப் போன வாரத்தில் .1 நின்றுவிடும். படிகளைக் கோப்பாக எழுதி, அடுத்த ஆர்சியை இதுவரை வெளியிட்டே இராத ஒருவரிடம் கொடுங்கள். வழக்கமாக வெளியிடுகிறவர் பக்கத்தில் இருக்கலாம், விசைப்பலகையைத் தொடக் கூடாது. புதியவர் எங்கே நின்று கேள்வி கேட்கிறாரோ அந்த வரியைத் திருத்துங்கள். கையொப்பச் சாவியும் இரண்டு பேரிடம், இரண்டு தனித்தனிச் சாவியாக இருக்கட்டும். ஒரே சாவியின் இரண்டு படிகளாக வேண்டாம்.